வலியுல்லாவின் இடது செருப்பு

அபிராமபுரம்,
சென்னை.
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை திரு. தமிழ்மாறன் அவர்களுக்கு, மாமனார் கோதண்டபாணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. முழங்கால், சர்க்கரை இரண்டும் நீங்கலாக நானும் உங்கள் அத்தை தேவானையும் இங்கே நலமாக இருக்கிறோம். புனேயில் விடாமல் மழை என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். நீங்களும் தமிழ்நிலாவும் நனையாமல் அலுவலகம் போய் வருகிறீர்கள் என்று நம்புகிறோம். உங்கள் பெற்றோருக்கு எங்கள் அன்பைத் தெரிவிக்கவும்.

நிற்க. நீங்கள் எனக்காக அனுப்பிய ஷூ நல்லபடியாக வந்து சேர்ந்தது. வெள்ளை வெளேரென்று, விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப எழுந்து வருகிற ரகம். தேவானை அதைப் பார்த்துவிட்டு, இதைக் காலில் போடுவதா, தட்டில் வைப்பதா என்று கேட்டாள். வந்த நாளிலிருந்து அது பெட்டிக்குள்ளேயே இருப்பதாகத் தமிழ்நிலா உங்களிடம் சொல்லியிருப்பாள். மாப்பிள்ளை வாங்கித் தந்ததை மாமனார் மதிக்கவில்லை என்று நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். போய் வந்ததில் அதன் ஒரு பகுதி இப்போது இன்னொருவர் காலடியில் இருக்கிறது. எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். சொன்னால் தமிழ்நிலா ஸ்பீக்கரில் போடுவாள், பாதியில் சிரிப்பாள், எனக்குக் கோபம் வரும், விஷயம் கெட்டுப்போகும்.

மயிலாப்பூரில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனதிலிருந்து தொடங்குகிறேன். தேவானை துணைக்கு வருகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிய வேண்டும் என்று கண்ணை மூடி உட்காரவைத்தார்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்தால் உலகமே வெள்ளையடித்த மாதிரி இருந்தது. வாசலில் செருப்பு வைக்கிற தட்டில் பழுப்பு நிறத்தில் ஏதோ தெரிந்தது. காலை நீட்டினேன், மாட்டிக்கொண்டது. கண் கைவிட்டாலும் கால் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பால் வாங்கக் கிளம்பினேன், மாப்பிள்ளை, தெரு சாய்ந்திருந்தது. நான் நேராகத்தான் நடக்கிறேன், ஆனால் உடம்பு வலப்பக்கம் வலப்பக்கமாகப் போகிறது. பால் பூத்துக்குப் போக வேண்டியவன் எதிர்வீட்டு மதில் சுவரில் போய் நின்றேன். சுற்று வட்டாரத்தில் எங்கே பார்த்தாலும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதனால் நம் கட்டடமே ஒரு பக்கமாக இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். நேரே குடியிருப்புச் சங்கச் செயலாளர் சக்திவேலிடம் போனேன். சக்திவேல் நல்ல மனிதர், ஆனால் எதைச் சொன்னாலும் அதைவிடப் பெரிதாகத்தான் காதில் வாங்குவார். உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து வந்து கார் நிறுத்துகிற இடத்தில் தரையில் வைத்தார். அது உருண்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கழுவிவிட்டால் தண்ணீர் ஓடுவதற்காக அந்தத் தரையைச் சாய்வாகத்தான் போடுவார்கள் என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை. மதியத்துக்குள் செய்தி மொட்டை மாடி வரை போய்விட்டது. மூன்றாவது மாடி அம்மாள் நகைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெசன்ட் நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விட்டார்.

மாலையில் சக்திவேலின் மச்சான் அசோக் நகரிலிருந்து வந்தார். கட்டட இன்ஜினியர். ரசமட்டத்தை ஒவ்வொரு தூணிலும் வைத்துப் பார்த்தார், சுவரில் வைத்துப் பார்த்தார், கடைசியில் சற்றுத் தள்ளி நின்று என்னையும் பார்த்தார். "பில்டிங் நேராத்தான் இருக்கு சார். நீங்கதான் சாஞ்சு நிக்கிறீங்க" என்றார்.

அதைக் கேட்டதும் தேவானையின் முகம் வெளுத்துவிட்டது. பக்கவாதம் வருவதற்கு முன் இப்படித்தான் ஒரு பக்கம் இழுக்கும் என்று அவள் எங்கோ படித்திருக்கிறாள். என்னைச் சிரிக்கச் சொன்னாள். அந்த நிலைமையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்க முடியவில்லை என்று அவள் புரிந்துகொண்டாள். உடனே ஆட்டோ. டாக்டர் என்னை அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடக்கச் சொன்னார். கோடு போட்ட மாதிரி நடந்தேன். கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார். நடந்தேன். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன், மறுபடியும் சாய்ந்தேன். தேவானை என்னை அப்படியே திருப்பி உள்ளே அழைத்துப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நடந்தேன், நேராக. உள்ளே நேர், வெளியே சாய்வு. ஓய்வு பெற்றவர்களுக்கு வீட்டில் கவனிப்பு குறைந்தால் சில சமயம் இப்படித் தோன்றும், கொஞ்சம் அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னாராம். இரண்டு நாள் அன்பாகப் பார்த்துக்கொண்டாள். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் காலை வாசல் பெருக்கும்போது தேவானை துடைப்பத்தால் என் செருப்பை ஒதுக்கியிருக்கிறாள். வலது நகர்ந்தது. இடது அசையவில்லை. குனிந்து கையில் எடுத்துப் பார்த்தவள் அங்கிருந்தே கூப்பிட்டாள். "ஏங்க, இது உங்க செருப்பே இல்லீங்க."

கூடத்தில் செய்தித்தாளை விரித்து அந்த ஜோடியை வைத்தோம். என்னுடையது போலவே பழுப்புத் தோல், அதே கட்டைவிரல் வார். ஆனால் இடது செருப்பின் குதிகாலில் ஒரு விரல் கனத்துக்கு ஏற்றிக் கட்டியிருந்தது. வெளி ஓரம் முழுக்கப் பழுப்புத் தோலால் சுற்றித் தைத்திருந்ததால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு இடத்தில் மட்டும் அந்த ஓரத் தோல் விட்டுப் போயிருந்தது. அதன் வழியே உள்ளே பார்த்தோம். அடியில் டயர்த் துண்டு. அதன்மேல் கெட்டியான கறுப்புத் தோல், ஓட்டை ஒன்று தெரிந்தது, பழைய பெல்ட்டாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நீல ரெக்சின். அதற்கும் மேல் மெல்லிய தோல், நடந்து நடந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்த தையல் இருக்கிறதே மாப்பிள்ளை, நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் எத்தனையோ கோப்புகளைத் தைத்துக் கட்டியவன், அப்படி ஒரு தையலைப் பார்த்ததில்லை. சில இடத்தில் நூல் கறுப்பு, சில இடத்தில் பழுப்பு, ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு. ஒரு நாளில் செய்தது இல்லை. ஒரு அடுக்கு நசுங்கி இறங்கியதும் அது இறங்கிய அளவுக்கு மட்டும் அடுத்தது ஏறியிருக்கிறது. மேலே ஐந்து விரலும் ஐந்து சின்னக் கிண்ணம் போலப் பதிந்திருந்தன. எவ்வளவு நின்றால் தோலில் அப்படிப் பள்ளம் விழும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தேவானை வேறொன்றை யோசித்தாள். "அந்த மனுஷனுக்கு ஒரு கால் குட்டை. அவரு இப்ப எப்படி நடக்கிறாரோ" என்றாள்.

அதுவரை என் சாய்வைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் தட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு ஒருவர் எங்கோ விழுந்து எழுந்து நடந்துகொண்டிருக்கிறார். உடனே கிளம்பினோம். அவர் செருப்பை இனி ஒரு அடிகூட நான் மிதிக்கக் கூடாது என்று பையில் போட்டுக்கொண்டேன். வேறு போடுவதற்கு என்ன இருக்கிறது? பெட்டியைத் திறந்து உங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டேன். படி இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது. தெருமுனைக்குள் பழகிவிட்டது, மாப்பிள்ளை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

கண் மருத்துவமனையில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெயர் கயல். பையைத் திறந்து காட்டியதும் எழுந்து நின்றுவிட்டாள். "அங்கிள், நீங்கதானா அது? அந்த ஆன்ட்டி தினம் போன் பண்ணுறாங்க" என்றாள். அன்று நல்ல கூட்டம், யார் மாற்றிப் போட்டார்கள் என்று தெரியாமல் கதவில் காகிதம்கூட ஒட்டியிருக்கிறாள். அவளே எண்ணைப் போட்டுப் பேசி, கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு என்று வழியும் சொன்னாள்.

கதவைத் திறந்தவர் ஹாஜிரா பீ. என் வயதுதான் இருக்கும். என் முகத்தைப் பார்க்கவில்லை, வணக்கத்தையும் கவனிக்கவில்லை, பையை வாங்கிச் செருப்பை எடுத்தார், இடது குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், விட்டுப்போன ஓரத்தைத் தடவினார். பிறகுதான் உள்ளே கூப்பிட்டார். அவருடைய கணவர் வலியுல்லா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பில் தைலம் மணத்தது. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சற்றுக் குட்டை. தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்கிற வேலை. கடைக்காரர் வைரவன் தென்பக்கத்துக்காரராம், கடை திறந்த நாளிலிருந்து வாசலில் இவர்தானாம். ஆடித் தள்ளுபடி நடக்கிற நேரம். என் செருப்போடு ஒரு நாள் நின்று பார்த்திருக்கிறார், சாயங்காலத்துக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. குணமாகும்வரை உள்ளே கிடங்கில் உட்கார்ந்து பை அடுக்கலாம் என்று வைரவன் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். இவருக்கு அது பிடிக்கவில்லை. மறுநாளும் வாசலுக்கு வர முடியாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்க வேண்டியிருக்கும் என்று அன்று காலைதான் போன் வந்ததாம்.

புதிதாக ஒன்று தைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று நான் கேட்டேன். ஹாஜிரா பீ கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு செருப்பை இழுத்து என் முன்னால் போட்டார். தைத்திருக்கிறார், அதே உயரம், அதே அளவு. "ஒசரம் கரீக்டாத்தான் கீது சார். செங்கல்லு மேல நிக்கிற மாரி கீதுன்றாரு. பழசு அவரு குதிகால அப்டியே வாங்கிக்கினு கீது, இது வாங்க மாட்டேங்குது. இன்னா பண்ணுறது?" என்றார்.

தேவானை அந்த நீல ரெக்சினைப் பற்றிக் கேட்டாள். மகளின் பள்ளிக்கூடப் பையாம், அவள் இப்போது வேலூரில் நர்ஸ். கறுப்புத் தோல், வலியுல்லா கல்யாணத்துக்குப் போட்ட பெல்ட், இடுப்புக்குப் பத்தாமல் போனதும் கீழே வந்துவிட்டது. மேலே இருக்கிற மெல்லிய தோல், ஹாஜிரா பீயின் கைப்பை. இதையெல்லாம் அவர் அரிசி பருப்பைச் சொல்வது போலத்தான் சொன்னார். "எங்க ஊட்ல எது தேஞ்சு போவுதோ அது அவரு காலுக்குப் போய்டும்" என்றார்.

எங்கள் வீட்டில் எது தேய்ந்தாலும் பழைய சாமான்காரனுக்குப் போகிறது, அல்லது பரணுக்குப் போகிறது. தேய்ந்த பிறகு ஒரு பொருளுக்கு வேலை ஆரம்பமாகிற வீடு ஒன்று இருக்கிறது என்பதை நான் இத்தனை வயதில் அன்றுதான் பார்த்தேன். ஒரு மனிதரை வாசலில் நேராக நிறுத்திவைப்பதற்கு ஒரு குடும்பத்தின் பையும் பெல்ட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் படுத்திருக்கின்றன. எனக்குச் சரியாக எழுத வரவில்லை, மாப்பிள்ளை. உங்களுக்குப் புரியும்.

அந்த நேரத்தில் வலியுல்லா மெதுவாக என் செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார். அவர்கள் வீட்டிலும் என் செருப்பை இத்தனை நாளாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள், யாருடையதாக இருக்கும் என்று. ஹாஜிரா பீ தயங்காமல் சொன்னார். "இதுல அடி தேயவே இல்ல சார். மேல கட்டைவெரல் வார் மட்டும் பளபளன்னு கீது. எந்நேரமும் சேர்ல ஒக்காந்துகினு, கால் மேல கால் போட்டு, செருப்ப வெரல்ல தொங்கவுட்டு ஆட்டிக்கினே இருக்கிற ஆளு. பெரிய ஆபீசர்னு நெனச்சேன்."

தேவானை சிரித்தாள். பக்கவாதம் என்று பயந்துபோய் இருந்தவள் அந்த வீட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து இதைத்தானே சொல்கிறேன், ஒருவருமே நம்பவில்லை என்றாள். பிறகு இரண்டு பெண்களும் எங்கள் இருவரையும் மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் வலியுல்லாவும் கண் சொட்டு மருந்தைப் பற்றிப் பேசினோம். முதலில் வெளியே வந்து மாற்றிப் போட்டது நான் என்பதை அவர் ஒரு முறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. செருப்பு மாறியது அவருக்கு முதல் அடியிலேயே தெரிந்துவிட்டதாம். "நீங்க அதுக்குள்ள ஆட்டோ ஏறிட்டீங்க சார். வெயிலுக்கு உங்க செருப்பாவது இருந்துச்சே" என்றார்.

இப்போது உங்கள் ஷூவின் விஷயம். வாசலில் நான் கழற்றி வைத்திருந்ததை ஹாஜிரா பீ கவனித்துவிட்டார். உள்ளே இருக்கிற மெத்தையை வெளியே எடுக்க முடியும் என்பது எனக்கே தெரியாது, அவர் எடுத்தார். விரலால் அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்ப உள்ளே வைக்கப் போனார். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது நான்தான். அவர் முடியாது என்றார், புதுசு, மாப்பிள்ளை வாங்கித் தந்தது என்று இந்த அம்மா சொல்கிறார்கள், பாவம் என்றார். எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு அடுக்கு இருக்கட்டும் என்று தேவானை சொன்ன பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்தார். இடது கால் மெத்தையின் குதிகால் பகுதியை மட்டும் வெட்டி, பழைய தோலுக்கு அடியில் நுழைத்து, ஊசி நூலோடு உட்கார்ந்தார். மெத்தை போட்ட பிறகு பழைய தோல் அதே இடத்தில் அதே பள்ளத்தோடு வந்து உட்கார வேண்டும், அதற்காக மூன்று தடவை பிரித்துத் தைத்தார். வீட்டில் வெள்ளை நூல்தான் இருந்தது.

வலியுல்லா மாட்டிக்கொண்டு கட்டிலைப் பிடிக்காமல் எழுந்தார். எழுந்து நின்றார், மாப்பிள்ளை, அவ்வளவுதான். அறைக்குள் நடந்துகூடக் காட்டவில்லை. ஆனால் அதுவரை கட்டிலில் கிடந்த முகம் வேறு, நிற்கிற முகம் வேறு. ஹாஜிரா பீ அவர் தோள் இரண்டையும் ஒரு கண்ணால் அளந்து பார்த்துவிட்டு, ஊசியைச் சேலை முந்தானையில் குத்திக்கொண்டு டீ போடப் போனார்.

இன்று காலை நானும் தேவானையும் தியாகராய நகருக்குப் போனோம். ஆடி ஞாயிறு, தெருவில் கால் வைக்க இடமில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தோம். கடை வாசலில் அவர் நிற்கிறார். பைகளும் குழந்தைகளும் குடைகளுமாகக் கூட்டம் அவரை இடித்துக்கொண்டு உள்ளே போகிறது, வருகிறது. அவர் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக் கைகூப்புகிறார். வெயிலில் முகம் சுருங்கி வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் ஒரு நொடி நிமிர்கிறார்கள், பிறகு உள்ளே போகிறார்கள். யாரும் அவர் காலைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அங்கே ஒன்றும் தெரியாது. தேவானை ஒரு ஜவுளிக்கடைக்கு எதிரே நின்று உள்ளே போகாமல் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. பிறகு உள்ளே போனாள், அது வேறு கதை. வாசலில் வலியுல்லா எங்களை எல்லோரையும் போலத்தான் வரவேற்றார். பக்கத்தில் போனதும் மட்டும் குரலைத் தாழ்த்தி, சாயங்காலம் ஆனாலும் வலி இல்லை என்று புனேயில் இருக்கிற தம்பிக்குச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் ஷூவில் ஒன்று இப்போது மெத்தை இல்லாமல் இருக்கிறது என்பதற்காக வருத்தப்பட வேண்டாம். இனி எங்களுக்குப் புதிதாக எதையும் வாங்கி அனுப்பிச் செலவு செய்ய வேண்டாம் என்றும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டில் இருப்பதெல்லாம் நாங்களும் அதுவுமாகச் சேர்ந்து தேய்ந்தவை. அதது தேய்ந்த இடத்தில் எங்கள் கை இருக்கிறது, முதுகு இருக்கிறது. அதை மாற்றுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பழையவற்றின் அருமை இப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்திருக்கிறது. இனி எதையும் வெளியே போட விடமாட்டேன் என்று தேவானையிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நீங்களும் தமிழ்நிலாவும் நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் நெடுங்காலம் வாழ வேண்டும். போகிற வாசலிலெல்லாம் உங்களை மலர்ந்த முகத்தோடு கூப்பிட ஆள் இருக்க வேண்டும். மழையில் பார்த்துப் போகவும்.

மாறாத அன்புடன்,
உங்கள் மாமனார்
கோதண்டபாணி

பி.கு: கடிதத்தை உறையில் போடப் போகும்போது எங்கள் ஃப்ரிட்ஜ் ஒரு பெரிய முனகலோடு நின்றுவிட்டது. தமிழ்நிலா பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அதன் கைப்பிடியில் எங்கள் எல்லோருடைய விரலும் பதிந்திருக்கிறது என்று தேவானையிடம் எடுத்துச் சொன்னேன். உள்ளே நேற்று அரைத்த மாவு பொங்கி வழிகிறது என்று அவள் எடுத்துச் சொன்னாள். இரண்டு கதவு வைத்ததாக, உள்ளே ஐஸ் கட்டாத ரகமாக, எந்தக் கம்பெனி நல்லது என்று கூடிய சீக்கிரம் பார்த்துச் சொல்லவும். நீங்களே அங்கிருந்து அனுப்பிவைத்தாலும் நான் தடுக்கப் போவதில்லை.